விவிலியத்தில் நீதியும் இரக்கமும்



சென்னை நகரின் தென்மேற்கே திருமுடிவாக்கம் என்னும் ஊரில் நான் வாழ்ந்து வருகின்றேன். இன்று அவ்வூரைத் தொழிற்பேட்டையின் பெயரால் அறிவோரே மிகுதி. பட்டறைகளின் ஓசைக்கும் சரக்கு வண்டிகளின் ஆரவாரத்துக்கும் இடையேதான் இப்பேச்சை எழுதினேன். ஊருக்கு வடக்கே குன்றத்தூர். பெரிய புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் பிறந்த பதி. கிழக்கே பல்லாவரத்தைக் கடந்து சென்றால் பரங்கிமலை. இயேசுநாதரின் மாணாக்கர் பன்னிருவருள் ஒருவராகிய தோமா உயிர்நீத்த இடம் என்று கிறிஸ்தவ மரபு போற்றும் மலை. இவ்விரு குன்றுகளுக்கு இடையே பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் இல்லத்தில் பெரிய புராணம் படிப்பது வழக்கம். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் விடுதித் தோழர் ஒருவர் விவிலியத்தை எனக்குப் படிக்கத் தந்தார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றளவும் விடவில்லை. நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். எனினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் குற்றமும் தண்டனையும் விசாரித்தே காலங்கழித்தவனுக்கு அந்நூல் எழுப்பும் வினா ஒன்று ஓயாமல் தொல்லை கொடுத்துவந்தது. அதனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள வந்திருக்கின்றேன்.

முதலில் நம்மூர்க் கதை. மனுநீதிச் சோழனை அறியாதார் உங்களுள் இரார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலை உண்டு. மாவட்ட ஆட்சியர்கள் மக்களிடம் குறை கேட்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்றே பெயர் வழங்குகின்றது. ஆயினும் அக்கதையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் இருக்கின்றது. இளவரசன் ஏறிச் சென்ற தேரின் காலில் அகப்பட்டுக் கன்று மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. செய்தி கேட்ட மன்னன் துடித்தான். அவ்வேளையில் அமைச்சர்கள் ஒரு வழி கூறினர். பசுக்கொலைக்கு மறைநூல்கள் கழுவாய் விதித்திருக்கின்றன. அந்தணர் மொழியும் முறைப்படி அதனை இயற்றினால் போதும் என்றனர். கேட்பதற்கு நல்ல யோசனை; இரக்கமுள்ள யோசனையுங்கூட. மன்னனோ, அந்தக் கழுவாய் கன்றை இழந்து அலறும் இப்பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று வினவினான். அமைச்சர்களின் கண் இளவரசன்மேல் இருந்தது; மன்னனின் கண் பசுவின்மேல் இருந்தது.

பின்னர் நிகழ்ந்தவை நீங்கள் அறிந்தவையே. மைந்தன்மேல் தேரைச் செலுத்துமாறு ஏவப்பட்ட அமைச்சன் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள, மன்னன் தானே தேரைச் செலுத்தினான். திருவாரூர் வீதியில் இறைவன் தோன்றிக் கன்று, மைந்தன், அமைச்சன் ஆகிய மூவுயிரையும் எழுப்பினான். ஈண்டு நீதி செய்தவன் மனிதன், இரங்கியவன் இறைவன். இருவர் இரு வேலைகளைப் பகிர்ந்துகொண்டனர். விவிலியம் எடுத்துக்கொள்ளும் வழக்கு இதனினும் கடினமானது. அங்கே நீதிபதியும் இறைவன், இரங்குபவனும் இறைவன். ஒருவனே இரண்டையும் ஒருங்கே செய்வது எங்ஙனம்? நீதி வழுவாமல் மன்னிக்க இயலுமா? மன்னித்தபின் நீதி என்று ஒன்று எஞ்சியிருக்குமா?

பழைய ஏற்பாட்டின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமத்தில் இவ்வினா கருக்கொள்கின்றது. சீனாய் மலையில் மோசே கட்டளைகள் பொறித்த கற்பலகைகளைப் பெற்று இறங்குவதற்குள், கீழே மக்கள் பொன்னால் ஒரு கன்றுக்குட்டி வார்த்து வழிபடத் தொடங்கிவிட்டனர். இங்கும் ஒரு கன்று வந்து நிற்பது தற்செயலே. ஆயினும் எனக்கு நினைவில் வைத்துக்கொள்ள வசதியாயிற்று. மோசே சினந்து பலகைகளை உடைத்தார். பின்னர் மீண்டும் மலையேறியபோது இறைவன் தன் இயல்பைத் தானே எடுத்துரைப்பதாக 34ஆம் அதிகாரம் கூறும். அவ்வுரைக்கு இரு பாதிகள் உண்டு. இரக்கமும் அருளும் உடையவன், எளிதில் சினவாதவன், ஆயிரமாயிரம் பேருக்கு அன்பைக் காத்துவைப்பவன், குற்றம் பொறுப்பவன் என்பது முற்பாதி. குற்றமுடையவனைக் குற்றமற்றவன் என்று விட்டுவிடாதவன், தந்தையர் செய்த தீமையை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பவன் என்பது பிற்பாதி. ஆயிரம் எங்கே, மூன்றும் நான்கும் எங்கே? இரக்கத்தின் பக்கமே தட்டுத் தாழ்ந்திருக்கின்றது. எனினும் பிற்பாதி அழிக்கப்படாமல் அங்கேயே நிற்கின்றது.

அது பிற்காலத்தாருக்கு உறுத்தியது என்பதும் விவிலியத்திலேயே தெரிகின்றது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் யூதர்கள் பாபிலோனுக்குச் சிறையாகச் சென்றனர். முன்னோர் தின்ற புளிப்புக்கு எங்கள் பல் கூசுகிறதே என்று பழமொழி பேசி அவர்கள் நொந்துகொண்டனர். அந்நாளில் தோன்றிய எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசி, இனி அப்பழமொழியைப் பேசற்க. தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான், அவனவன் செய்ததற்கு அவனவனே பொறுப்பு என்று அறிவித்தார். அவருடைய நூலின் 18ஆம் அதிகாரம் முழுவதும் இதுவே பொருள். ஒரு நூல் தன்னுள்ளேயே தன்னோடு வாதிடுவதைக் காண விரும்பும் மாணவர்கள் இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

இதனினும் வியப்பான வாதம் ஒன்று நினிவே நகரைப் பற்றியது. அசீரியப் பேரரசின் தலைநகர் அது. இன்றைய ஈராக்கில் மோசூல் நகரத்துக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றின் கரையில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.மு. 722 அளவில் இஸ்ரவேலின் வடநாட்டை அழித்து மக்களைப் பெயர்த்தெறிந்தவர்கள் அசீரியர். அவர்களுடைய கொடுமையை அவர்களே அரண்மனைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்தனர் என்றால் வேறு சான்று வேண்டுவதில்லை. அந்த நினிவேக்குச் சென்று எச்சரிக்கை கூறுமாறு யோனா என்பவரை இறைவன் அனுப்புகின்றான். அவர் எதிர்த்திசையில் கப்பல் ஏறுகின்றார். மீன் விழுங்கிய கதை மட்டுமே நம் நினைவில் தங்கியிருக்கின்றது. அது நூலின் ஒரு சிறு பகுதி. அவர் ஏன் ஓடினார் என்பதை நான்காம், இறுதி, அதிகாரத்தில் அவரே கூறுகின்றார். அச்சத்தால் அன்று. நீ இரங்கிவிடுவாய் என்று எனக்கு அப்பொழுதே தெரியும் என்று இறைவன்மேல் குற்றம் சாட்டுகின்றார்! அக்குற்றச்சாட்டில் அவர் எடுத்தாள்வது சீனாய் மலை உரையின் முற்பாதியை. நகரம் மனம் திருந்திற்று, இறைவன் பொறுத்தான், தீர்க்கதரிசி செத்துப்போகிறேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

யோனாவைப் பார்த்து நகைப்பது எளிது. நான் பலகாலம் நகைத்தேன். ஆனால் அவர் ஊரார் அல்லவா எரியுண்டவர்கள்? அந்நூலை முதலில் கேட்டவர்கள் அசீரியரால் சிதறுண்ட குடியின் வழிவந்தோர் அல்லவா? அவர்களைக் கேளாமல் அவர்களுடைய பகைவரை மன்னிப்பது எளிதாக இருந்திருக்குமா? விவிலியத் தொகுப்பாளர்கள் இதனை உணர்ந்தே இருந்தனர் போலும். யோனாவுக்குப் பின் ஒரு நூல் தள்ளி நாகூம் என்னும் நூலை வைத்திருக்கின்றனர். அதுவும் நினிவேயைப் பற்றியதே; அந்நகரின் வீழ்ச்சியைப் பாடி மகிழ்வது. கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது வரலாறு. நாகூமின் தொடக்கம் எடுத்தாள்வதும் அதே சீனாய் உரையைத்தான்; ஆனால் பிற்பாதியை, குற்றவாளி தப்பான் என்னும் பகுதியை. ஒரே நகரம், ஒரே உரை. ஒருவர் கையில் முற்பாதி, மற்றவர் கையில் பிற்பாதி. இரண்டு நூல்களையும் ஒரே கட்டில் சேர்த்துத் தைத்தவர்கள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடக்க முனையவில்லை.

யூத சமயத்தின் பழைய உரையாசிரியர்கள் இதற்கு அழகிய உவமை ஒன்று கூறுவர். ஓர் அரசனிடம் மெல்லிய கிண்ணங்கள் இருந்தன. வெந்நீரை ஊற்றினால் வெடிக்கும். தண்ணீரை ஊற்றினால் சுருங்கிப்போகும். இரண்டையும் கலந்து ஊற்றினான், கிண்ணங்கள் நிலைத்தன. இரக்கம் ஒன்றினாலேயே உலகைப் படைத்தால் தீமை பெருகும், நீதி ஒன்றினாலேயே படைத்தால் உலகம் தாங்காது என்று எண்ணி இறைவன் இரண்டையும் கலந்தான் என்பர். உவமை இனியதுதான். ஆயினும் எத்தனை பங்கு வெந்நீர், எத்தனை பங்கு தண்ணீர் என்பதை அது சொல்லவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்தவனுக்கு அந்த அளவுதானே வேண்டும்?

சொற்களைப் பற்றிச் சிறிது கூறிவிட்டு மேலே செல்கின்றேன். நீதி தீர்த்தலுக்கு எபிரேய மொழியில் மிஷ்பாத் என்பது சொல். நேர்மையைக் குறிக்கும் செதாக்கா என்னும் சொல், காலப்போக்கில் ஏழைக்கு ஈயும் தருமத்துக்கும் பெயராயிற்று. யூதர்கள் இன்றும் தருமத்தை அச்சொல்லாலேயே வழங்குகின்றனர். ஈதல் அவர்களுக்கு இரக்கச் செயல் மட்டும் அன்று, கடன் தீர்க்கும் நேர்மையுமாம். இரக்கத்தைக் குறிக்கும் ரகமீம் என்பதோ கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அந்நாள் தொட்டு, இவற்றைத் தமிழாக்க வந்தோர் நீதி, நியாயம், கிருபை, இரக்கம், தயை என்று சைவரும் வைணவரும் நாள்தோறும் கையாண்ட சொற்களையே எடுத்துக்கொண்டனர். ஆதலின் விவிலியத்தைத் தமிழில் படிக்கும்போது அயலூருக்குச் சென்ற எண்ணம் எனக்கு எழுவதில்லை.

இனி என் சொந்தக் கதை ஒன்று. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் மிதிவண்டி காணாமற்போயிற்று. அது அவனுடைய தந்தையின் வண்டி. விடியற்காலையில் அவர் அதில் பால் கொண்டுபோய் வீடுவீடாக ஊற்றுவார், பின்னர் மகன் அதிலேயே பள்ளிக்கு வருவான். அதே வகுப்பு மாணவன் ஒருவன் அதனை எடுத்துப் பிரித்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. அவனுடைய தாய் என் அறைக்கு வந்து அழுதார். கணவனை இழந்தவர், வீட்டில் மூன்று பிள்ளைகள். காவல் நிலையத்துக்குப் போனால் பையனின் வாழ்வு என்னாவது என்று எனக்கும் தோன்றிற்று. அவனை அழைத்து அறிவுரை கூறினேன். மன்னித்தேன். மன்னித்த அன்று இரவு நான் மிக நன்றாக உறங்கினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

அடுத்த வாரம் பால்காரர் வந்தார். நாற்காலி காட்டியும் அமரவில்லை. அவர் சினந்து பேசவில்லை. "சார், நீங்க அந்தப் பையன மன்னிச்சிட்டீங்க. நல்லதுதான். ஆனா போனது என் வண்டி சார்" என்றார். அவ்வளவே. ஆறு நாளாக அவர் பால் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே ஊற்றிவந்திருக்கின்றார். எனக்கு அப்பொழுதுதான் குன்றத்தூர்ப் புராணத்தின் அமைச்சர்கள் நினைவுக்கு வந்தனர். நானும் இளவரசனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசு வாயிலில் நின்று மணியடித்தது. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்து நான் தானம் செய்திருந்தேன்.

விவிலியத்தின் சட்டப் பகுதியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். யாத்திராகமம் 22ஆம் அதிகாரம்: ஒருவன் ஆட்டைத் திருடி விற்றாலோ கொன்றாலோ ஒன்றுக்கு நான்காகக் கொடுக்க வேண்டும்; மாடாயின் ஒன்றுக்கு ஐந்து. கள்வனைச் சிறையிடுவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. இழந்தவன் கைக்கு என்ன திரும்புகிறது என்பதே பேச்சு. இந்த நான்கு மடங்கு விவிலியத்தில் மேலும் இரண்டிடங்களில் தலைகாட்டுகின்றது. உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைக் கவர்ந்த தாவீது அரசனிடம் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்கின்றார். அரசன் கொதித்தெழுந்து, நான்கு மடங்கு கொடுக்கட்டும் என்று தீர்ப்பளிக்கின்றான்; அச்செல்வன் நீதான் என்கின்றார் நாத்தான். அரசன் குற்றத்தை ஒப்புக்கொள்ள, மன்னிப்பும் கிடைக்கின்றது. ஆனால் அவனுக்குப் பிறந்த குழந்தை இறந்துபோகின்றது. இவ்விடத்தை எத்தனை முறை படித்தும் என் மனம் ஒப்பியதில்லை. எசேக்கியேலின் கட்சியே என் கட்சி.

மற்றோர் இடம் புதிய ஏற்பாட்டில் லூக்கா எழுதிய நூல், 19ஆம் அதிகாரம். எரிகோ நகரில் வரி தண்டுவோரின் தலைவன் சகேயு; ஊராரைச் சுரண்டிச் செல்வம் சேர்த்தவன் என்று பெயரெடுத்தவன். குள்ளன் ஆதலின் இயேசுவைக் காண ஒரு காட்டத்தி மரத்தின்மேல் ஏறியிருந்தான். அவர் அவனை அழைத்து, உன் வீட்டில் இன்று தங்குவேன் என்றார். கூட்டம் முணுமுணுத்தது, அம்முணுமுணுப்பில் என் பால்காரரின் குரலும் உண்டு என்று நான் எண்ணுவதுண்டு. சகேயு எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமேனும் ஏமாற்றிப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினான். இரக்கம் முன்னே வந்தது. அதனைத் தொடர்ந்து நீதி தன் காலால் நடந்து வந்தது. நான் முன்னதை மட்டும் செய்துவிட்டு உறங்கப் போயிருந்தேன்.

பையனைத் திரும்ப அழைத்தேன். அவன் மாமனுக்குச் சைக்கிள் கடை இருந்தது. பிரேமுக்கு ஆன பணத்தை நான் கொடுத்தேன். மன்னித்தவன் நான் ஆதலின் அதன் விலையில் ஒரு பங்கு என் கையிலிருந்து போவதே முறை எனப்பட்டது. மற்ற உறுப்புகளை மாமன் கடையில் தேடி அவனே பூட்டினான். வண்டி ஆகும்வரை விடியற்காலையில் எழுந்து பால் கேனைத் தூக்கிக்கொண்டு பால்காரருடன் நடந்தான். அவனுக்கு அவர் ஒரு நாளும் கடுஞ்சொல் சொன்னதில்லையாம், பேசியதும் இல்லையாம்.

விலையை யார் கொடுப்பது என்ற இவ்வினா விவிலியத்தின் நடுவிலேயே ஒரு பொருளாகச் செய்து வைக்கப்பட்டிருக்கின்றது. கட்டளைப் பலகைகளை ஒரு மரப்பேழையில் வைத்து, அதன்மேல் பொன்னால் ஒரு மூடி இட்டனர். அம்மூடிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கிருபாசனம் என்று பெயர் தந்தனர். கீழே சட்டம், மேலே கருணையின் இருக்கை. ஆண்டுக்கு ஒருமுறை தலைமைக் குரு அதன்முன் சென்று மக்கள் பிழைக்காகப் பலியின் குருதியைத் தெளிப்பார். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல், அம்மூடியைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல்லை எடுத்துச் சிலுவையில் மாண்ட இயேசுவுக்குச் சூட்டுகின்றார். நீதிபதியே தண்டத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான் என்பது அதன் கருத்தாகக் கிறிஸ்தவர்கள் கொள்வர். அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் சமயவுரிமை. நான் அதற்குள் புகவில்லை. மன்னிப்பு இலவசமாகக் கிடைக்கலாம், ஆனால் எவரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்திருக்கின்றார் என்னும் எண்ணம் மட்டும் பால்காரரைக் கண்டபின் எனக்கு எளிதில் விளங்கிற்று.

கெட்ட குமாரன் கதையை உங்களுட் பலர் அறிவீர்கள். இளையவன் சொத்தில் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு அயல்நாட்டில் அழித்துவிட்டுப் பட்டினியோடு திரும்புகின்றான். தந்தை ஓடிவந்து தழுவி, மோதிரம் அணிவித்து, கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கின்றார். மூத்தவன் வயலிலிருந்து வந்து, உள்ளே நுழையமாட்டேன் என்று வெளியே நின்றுவிடுகின்றான். பொறாமைக்காரன் என்று அவனை ஏசுவதே பொதுவழக்கு. சற்றுக் கணக்குப் பாருங்கள். இளையவன் தன் பங்கைக் கொண்டுபோய்விட்டான். எனவே எஞ்சிய சொத்து முழுவதும் மூத்தவனுக்கு வரவேண்டியது. என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்று தந்தையே அவனிடம் ஒப்புக்கொள்கின்றார். அப்படியாயின் அந்தக் கன்று யாருடையது? தந்தையின் இரக்கம் மூத்தவனின் தொழுவத்திலிருந்து விலை கொடுத்தது. அவனை ஒருவரும் கேட்கவில்லை. தந்தைக்கும் அது தெரிந்திருக்கின்றது. இளையவனை எதிர்கொள்ள ஓடிய அதே தந்தை, மூத்தவனை வருந்தி அழைக்கவும் வெளியே வருகின்றார். அவன் உள்ளே போனானா என்பதைக் கதை சொல்லவில்லை. யோனாவின் நூலும் இப்படியே இறைவன் கேட்கும் ஒரு வினாவோடு நின்றுவிடுகின்றது, விடை இல்லை.

அவ்வாண்டு பதினோராம் வகுப்பில் இக்கதையைச் சொல்லி, முடிவை நீங்களே எழுதுங்கள் என்று கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். பெரும்பாலோர் அண்ணனை உள்ளே அழைத்துவந்து தம்பியைக் கட்டித் தழுவச் செய்திருந்தனர். இருவர் அவனை ஊரைவிட்டே அனுப்பிவிட்டனர். பால்காரர் மகன் எழுதியிருந்தது சற்று வேறு. அண்ணன் உள்ளே போனான், பந்தியில் அமர்ந்தான், தம்பியோடு பேசவில்லை. மறுநாள் விடியுமுன் அவனைத் தட்டி எழுப்பித் தொழுவத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே சென்ற வாரம் பிறந்த கன்று ஒன்று இருந்தது. இதை நீ வளர்த்துக் கொடு என்றான். நான் பத்துக்கு எட்டு மதிப்பெண் இட்டேன். இரண்டு குறைந்தது எழுத்துப் பிழைகளுக்காக.